'லைஃப்ஹேக்': வெட்டுவதில் பிறந்த சொல்

கேள்வி: 'லைஃப்ஹேக்' என்ற சொல்லின் பொருள் என்ன? அதை உருவாக்கியவர் யார்?

பதில்: பிழிவதற்கு முன் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டிக்கொள்வதைப் போல, அன்றாட வேலையை எளிதாக்கும் சிறு உபாயத்தை இச்சொல் குறிக்கிறது. இதை உருவாக்கியவர் பிரிட்டிஷ் இதழாளரான டேனி ஓ'பிரையன். தேர்ந்த நிரலாளர்கள் தம் வேலைப்பளுவை எவ்வாறு சமாளிக்கிறார்கள் என்று விசாரித்த அவர், பிறரிடம் காட்டக் கூச்சப்படும் அளவுக்கு ஒப்பனையற்ற குட்டி நிரல்களையும் சாதாரண உரைக்கோப்புகளையுமே அவர்களில் பலர் நம்பியிருப்பதைக் கண்டு, 2004 பிப்ரவரியில் சான் டியேகோவில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டில் அவற்றுக்கு இப்பெயரைச் சூட்டினார். சமையலறைக்கும் துணி அலமாரிக்கும் இச்சொல் வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

கேள்வி: 'ஹேக்' என்றால் பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைவது அல்லவா?

பதில்: அது பிற்காலப் பொருள். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்குக் கண்டதுண்டமாக வெட்டுதல் என்பதே பொருள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி ரயில்களை ஓட்டி மகிழ்ந்த மாணவர் மன்றத்தின் 1955 ஏப்ரல் கூட்டக் குறிப்பில், மின்னமைப்பில் 'ஹேக்' செய்வோர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுமாறு ஒரு வேண்டுகோள் காணப்படுகிறது. இங்கே திருட்டுக்கு இடமே இல்லை. கருவியைக் குடைந்து, தோன்றியபடி மாற்றிப் பார்ப்பதே பொருள். கோடரியின் கரடுமுரடான வெட்டு, நேர்த்தியில்லாவிட்டாலும் காரியம் நடக்கச் செய்கிற கைவேலையாக உருமாறிவிட்டது என்றே இதைக் கொள்கிறேன்.

கேள்வி: கூலிக்கு எழுதுபவரையும் 'ஹேக்' என்கிறார்களே?

பதில்: ஒலி ஒன்று, வேர் வேறு. அது வாடகைக் குதிரையைக் குறித்த 'ஹாக்னி' என்பதன் சுருக்கம்.

கேள்வி: 'லைஃப்ஹேக்' என்பதைத் தமிழில் 'குறுக்குவழி' எனலாமா?

பதில்: நேர்மையின்மையின் சாயல் படிந்த சொல் என்பதால் தவிர்ப்பேன். 'சூழ்ச்சி'யும் இன்று உதவாது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்ற குறளில் (671) ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்த அச்சொல், இப்போது வஞ்சகத்தையே முதலில் நினைவூட்டுகிறது. 'ஹேக்' ஏறி வந்த படிகளில் அது இறங்கிப் போயிருக்கிறது. எழுத்தில் 'எளிய உபாயம்' என்றும், பேச்சில் 'யுக்தி' என்றும் சொன்னாலே போதும்.