பங்கர் கட்டலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

வீட்டுக்கு அடியில் பங்கர், அதாவது பதுங்குகுழி, கட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் பங்கருக்குள் ஓடியவன் நான். இப்போது சுவிசில் கட்டடப் பொறியியலாளராக வேலை செய்கிறேன். தெரிந்த வரை சொல்கிறேன்.

சூரிச்சிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் அடுக்குமாடியின் கீழே தடித்த கதவோடு ஓர் அறை இருக்கிறது. அரிசி மூட்டையும் சூட்கேசும் வைத்திருக்கிறோம். அது உண்மையிலேயே உதவுமா அண்ணா?

உதவும், போர் என்று வந்தால். 1963இல் வந்த சட்டத்தால் சுவிசில் எல்லோருக்கும் இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர். காற்றை வடிகட்டி உள்ளே இழுக்கும் இயந்திரமும் உண்டு, கரண்ட் போனால் கையால் சுற்றலாம். சாமான் வைக்கத் தடையில்லை, ஆனால் கதவு திரும்பும் இடத்தையும் காற்றுக் குழாயையும் மறிக்காதீர்கள். லூசர்னில் சோனன்பெர்க் சுரங்கப்பாதையை 20,000 பேர் தங்கும்படி 1976இல் திறந்தார்கள். 1987இல் ஒத்திகை பார்த்தபோது ராட்சதக் கதவுகளில் ஒன்று சரியாக மூடவில்லை. ஒத்திகை பார்க்காமல் இருந்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. மற்றபடி ஆளுக்கு 9 லீட்டர் தண்ணீர், ஒரு கிழமைக்குச் சாப்பாடு வீட்டிலேயே வைத்திருங்கள். அதுதான் அடிக்கடி தேவைப்படும்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: சார், புது வீடு கட்டுகிறோம். புயல், வெள்ளத்துக்குப் பாதுகாப்பாகத் தரைக்கடியில் ஓர் அறை போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் ஆழமும் உள்ள ஒரு காலிப் பெட்டியை, நிலத்தடி நீர் மேலே வரும்போது 22 டன்னுக்கு மேல் விசை மேல்நோக்கித் தள்ளும். எட்டு அங்குலக் கான்கிரீட் போட்டாலும் பெட்டியின் எடை அதற்குப் போதாது. தரைக்கடியில் உள்ள காலித் தண்ணீர்த் தொட்டி (சம்ப்) மழையில் கிளம்பி நிற்பதும் இப்படித்தான். வெள்ளத்துக்கு மேலே ஏற வேண்டும். அந்தப் பணத்தில் மாடியில் ஓர் உறுதியான அறை கட்டுங்கள், இன்வெர்ட்டரையும் அங்கேயே வையுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி: பழைய கப்பல் கொள்கலன் ஒன்றை வாங்கிக் காணிக்குள் புதைத்தால் மலிவாக முடியாதா?

கப்பலில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதைப் பார்த்து எதையும் தாங்கும் என்று நினைக்கிறோம். அந்தப் பாரமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில்தான் இறங்குகிறது. கூரையும் பக்கத் தகடும் மண்ணைத் தாங்கச் செய்தவை இல்லை. இருபது அடிப் பெட்டியின் மேல் ஒரு மீட்டர் மண் போட்டால் 26 டன் வரும், மழையில் இன்னும் கூடும். அப்புறம் காற்று. நான்கு பேர் இறுக்கி மூடிப் படுத்தால், ஒக்சிசன் தீருவதற்கு முன்னரே மூச்சில் விடும் கரியமிலவாயு சேர்ந்து, விடியும்போது தலையிடியோடு எழும்புவீர்கள். இன்னும் நீண்ட நேரம் அப்படியே இருந்தால் உயிருக்கே ஆபத்து. வேண்டாம் தம்பி.

கிளிநொச்சியிலிருந்து ஓர் அக்கா: நாங்கள் மண்வெட்டியால் வெட்டிய பங்கர்தானே எங்களைக் காப்பாற்றியது? இவ்வளவு கணக்குத் தேவையா?

காப்பாற்றியது அக்கா, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதிலும் கணக்கு இருந்தது. 'ட' வடிவில் ஏன் வெட்டினோம்? செல் (எறிகணை) விழுந்தால் சிதறும் துண்டு நேர்கோட்டில் பறக்கும், மூலையில் திரும்பாது. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். வன்னியில் மூட்டை கிடைக்காமல் சேலையைத் தைத்து மண் நிரப்பினார்கள். எத்தனை அம்மாமாரின் கலியாணச் சேலைகள் அப்படிப் போயினவோ. எங்கள் வளவில் கிணற்றடிப் பக்கம் வெட்டியிருந்தோம், பெரிய பிழை. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர். கிபிர் போர்விமானச் சத்தம் கேட்டதும் அப்பா முதலில் தடியால் தட்டிப் பாம்பு பார்ப்பார், பிறகுதான் எங்களை இறக்குவார். அந்தச் சில விநாடிகள் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. நேராக மேலே விழுந்தால் எந்தப் பனங்குற்றியும் தாங்காது, பக்கத்தில் விழுந்தால் தாங்கும். பங்கர் அதற்குத்தான். இரண்டாவது வாசல் இல்லாத பங்கர்களில் மண் சரிந்து மூடப்பட்டவர்களை நினைத்துத்தான் எல்லோரிடமும் இரண்டு வழி வையுங்கள் என்று கேட்கிறேன்.

டலஸிலிருந்து ஒருவர்: டொர்னேடோ சுழற்காற்றுக்கு?

சரி, கட்டுங்கள். அது நிமிடக் கணக்கில் கடந்துவிடும், எச்சரிக்கையும் கிடைக்கும். சான்றுள்ள தயாரிப்பாக, உள்நோக்கித் திறக்கும் கதவோடு வாங்குங்கள். வெளியே இடிபாடு விழுந்து அடைத்தாலும் திறக்கலாம்.

லண்டனிலிருந்து ஒரு மாணவி: அணுகுண்டு விழுந்தால் பல வருடம் உள்ளே இருக்க வேண்டுமா?

இல்லை. விழும் கதிர்வீச்சுத் தூசின் வீரியம், நேரம் ஏழு மடங்காகும்போது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணி நேரத்தில் இருந்தது ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒன்று, இரண்டு நாளில் நூறில் ஒன்று. ஆகவே முதல் இரண்டு நாள்தான் மிக முக்கியம். அதற்குப் பெரிய கட்டடத்தின் நடுப்பகுதியோ நிலக்கீழ் அறையோ நிறையவே உதவும்.

பேர்னிலிருந்து ஓர் அண்ணா: தோட்டத்தின் கடைசியில் கட்ட எண்ணம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி இறங்கச் சிரமம். சரிவருமா?

இஸ்ரேலில் 1992க்குப் பிறகு புது வீடுகளுக்குள்ளேயே கொங்கிறீட் அறை கட்டச் சொன்னதற்கு ஒரு காரணம் இதுதான், கீழே ஓட நேரமில்லை. அடிக்கல் வைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு இரவு வெளிவிளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கைப்பிடித்துத் தோட்டத்தின் கடைசி வரை கூட்டிப் போங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது, எங்கே நின்று மூச்சு வாங்கினார் என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் எங்கே கட்டலாம் என்று சொல்வேன்.