மாரியோ பள்ளத்தில் விழுவது வயதாலா, டிவியாலா?

கேள்வி: சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறோம்ங்க. எனக்கு 42 வயது. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அப்பா ஈரோட்டில் வாங்கித் தந்த டிவி கேம், போன வாரம் அட்டாலியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. மஞ்சள் கேசட்டும் கூடவே இருந்தது. ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கி எல்இடி டிவியில் மாட்டினேன். சில நேரம் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்துதான் வருகிறது. மாரியோ விளையாட்டு வந்தாலும், அந்தக் காலத்தில் பார்க்காமலே தாண்டிய முதல் பள்ளத்தில் விழுகிறேன். அதே விளையாட்டைப் போனில் போட்டால் இன்னும் வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது. பையன் சிரிக்கிறான். வயசானதால் கை மந்தமாகிவிட்டதா?

பதில்: உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறதுங்க. நடுவில் இரண்டு பொருள் மாறிவிட்டன. ஒன்று டிவி, இன்னொன்று விளையாட்டு ஓடும் வேகம். இரண்டையும் நீங்களே அளந்து பார்த்துவிடலாம்.

முதலில் டிவி. பழைய டியூப் டிவி எதையும் சேர்த்து வைக்காது. டிவி கேம் பெட்டியிலிருந்து வரும் சிக்னலை வரி வரியாக, வந்த கணமே திரையில் வரைந்துவிடும். எல்இடி டிவி அப்படி இல்லை. முழுப் படத்தையும் வாங்கி, தன் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, ஓரம் தீட்டி, அப்புறம்தான் காட்டும். டிவி கேம் அனுப்புவது பழைய வகைச் சிக்னல். பல புது டிவிகள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, இரண்டு படங்களை ஒன்றாகக் கோர்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்யும். உங்கள் கன்வெர்ட்டர் இதே வேலையை டிவிக்கு முன்னாலேயே ஒருமுறை செய்கிறது. தாமதத்தின் மேல் தாமதம்.

அளக்க ஒரு வழி இருக்கிறது. போன் கேமராவில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால், உங்கள் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்து குதிக்கும் ஏ பட்டனை அழுத்திப் பதிவு செய்யுங்கள். விரல் அழுத்திய படத்திலிருந்து மாரியோவின் கால் தரையை விட்டு எழும் படம் வரை எண்ணுங்கள். 24 படம் என்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பி பட்டனைப் பிடித்து முழு வேகத்தில் ஓடும் மாரியோ ஒரு படத்துக்கு இரண்டரைத் திரைப் புள்ளி (பிக்சல்) நகர்கிறார். நொடிக்கு 60 படம் ஓடினால் அந்த நேரத்தில் 15 புள்ளி போய்விடுவார். ஒரு செங்கல்லின் அகலமே 16 புள்ளிதான். முதல் பள்ளத்தின் அகலம் இரண்டு செங்கல். உங்கள் விரல் சிறுவயதில் பழகிய இடத்திலேயே அழுத்துகிறது. திரையில் தெரியும் மாரியோ பின்தங்கியவர். அசல் மாரியோ ஏற்கெனவே விளிம்பைத் தாண்டிப் போயிருப்பார். விழாமல் என்ன செய்வார்?

அடுத்தது வேகம். இந்த விளையாட்டு (சூப்பர் மாரியோ பிரதர்ஸ்) 1985-ல் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் பெட்டிக்காக வந்தது. அந்த ஊர் டிவி நொடிக்கு 60 படம் காட்டும். நம் ஊர் டிவி பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். இங்கே கடைகளில் விற்ற டிவி கேம்கள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள், நம் டிவிக்கு ஏற்ப 50-க்கு மாற்றியவை. விளையாட்டோ ஒவ்வொரு அடியையும் படக்கணக்கில்தான் எண்ணுகிறது. அதனால் நாம் விளையாடிய மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார், பாட்டும் மெதுவாகவே வாசித்தது. போனில் ஓடுவதுதான் ஜப்பான் குழந்தைகள் பார்த்த அசல் வேகம். இது தெரிந்த நாளில் எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. நம் காதில் தங்கியிருக்கும் அந்தப் பாட்டு, நம் பெட்டியில் மட்டும் ஒலித்த பாட்டு.

சோதித்துப் பாருங்கள். முதல் கட்டம் தொடங்கியதும் மாரியோவை நகர்த்தாமல் நிறுத்துங்கள், அங்கே எந்த எதிரியும் வரமாட்டான். மேலே நேரம் 400-லிருந்து இறங்கும். 390-லிருந்து 290 வரை போன் ஸ்டாப்வாட்சில் அளந்தால், 60 படப் பெட்டியில் சுமார் 40 நொடி, நம் பெட்டியில் சுமார் 48 நொடி.

சரி, என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் ஒரு டியூப் டிவி தேடுங்கள். 2006-க்குப் பிறகு அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல கலர் டிவி உங்கள் சொந்தக்காரர் யார் வீட்டிலாவது தூசு படிந்து கிடக்கும். பழைய சாமான் கடையிலும் கேளுங்கள். ஏவி துளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆன்டெனா வயரில் மாட்டி சேனல் தேடினால் படம் பிடிக்கும். டிவியின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வாத்து சுடும் துப்பாக்கியும் கிடைத்திருந்தால் அதற்கும் இந்த டிவிதான் வேண்டும். திரையில் ஒரு கணம் மின்னும் வெள்ளைக் கட்டத்தை அந்தக் கணத்திலேயே பார்த்தாக வேண்டிய துப்பாக்கி அது. எல்இடி டிவியில் வேலை செய்யாது.

எல்இடி டிவியே போதும் என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். பல டிவிகளில் ஹெட்போன் துளை மாதிரி ஒரு ஏவி துளை இருக்கும், டிவியோடு வந்த மூன்று வண்ண வயரை அதில் செருகலாம். மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை வேறு. செட்டிங்கில் கேம் மோடைப் போட்டு, படத்தை வழவழப்பாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தாமதம் முழுக்கப் போகாது, விளையாடும்படி குறையும்.

குப்பை எழுத்துக்குக் காரணம் பெரும்பாலும் கேசட்டின் அடியில் உள்ள செம்புக் கால்கள். நாம் எல்லோரும் வாயால் ஊதிச் செருகியவர்கள்தான். அந்த எச்சில் ஈரமே செம்பை அரிக்கும். உண்மையில் உதவியது ஊதல் இல்லை, கழற்றி மறுபடி மாட்டியதுதான். மொபைல் சர்வீஸ் கடையில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சில் தொட்டு, இரண்டு பக்கமும் உள்ள 60 கால்களையும் கறுப்பு வராத வரை துடையுங்கள். பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். உங்கள் வீட்டில் பஞ்சுத் தூசுக்குக் குறைவிருக்காது, பெட்டியின் வாயையும் பிரஷால் தட்டிவிடுங்கள். பட்டன் அமுங்கியும் வேலை செய்யாவிட்டால் கைப்பிடியின் திருகைக் கழற்றி, ரப்பரின் அடியில் உள்ள கறுப்புப் பொட்டையும் அது தொடும் இடத்தையும் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடாப்டரில் கவனம். பழையது போய்விட்டால் கையில் கிடைத்ததை மாட்டாதீர்கள். எத்தனை வோல்ட், பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் அடியில் பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். ஜப்பான் ஃபேமிகாமில் நடு மைனஸ், நகல்களில் இரண்டு விதமும் உண்டு. மாற்றி மாட்டிப் பொசுங்கிய பெட்டிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. தறி ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசர் வைத்தே ஓட்டுங்கள்.

பையனுக்கு ஒன்று. இதில் சேமிக்கும் வசதி கிடையாது, மூன்று உயிர் போனால் முதலிலிருந்து என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். ஆட்டம் முடிந்து தலைப்புத் திரை வந்ததும் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தச் சொல்லுங்கள். மாரியோ கடைசியாக எந்த உலகத்தில் (பல கட்டங்கள் சேர்ந்த பகுதி) செத்தாரோ, அதன் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும். பெட்டியை மட்டும் அணைத்துவிடக் கூடாது.