உகாண்டாவுக்கு 14 நாள் பயணம்: மலேரியா தடுப்பு மாத்திரையைக் குறைந்த செலவில் வாங்குவது எப்படி?

மலிவானது டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று; கிளம்புவதற்கு 2 நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் 28 நாள் தொடர வேண்டும். ஆக 2+14+28 = 44 மாத்திரை. பலர் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. கல்லீரலிலிருந்து பிறகு வெளிவரும் கிருமியை அந்தக் கடைசி நான்கு வாரம்தான் கொல்கிறது.

அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும், 23 மாத்திரை. ஆனால் விலை அதிகம். குளோரோகுயின் மலிவுதான், ஆப்பிரிக்காவில் பயன்படாது.

டாக்ஸிசைக்ளினை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து, அமிலமுறி மாத்திரைகளிலிருந்து சில மணி நேரம் தள்ளியே போடுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்டோருக்கும் வேண்டாம்.

மருத்துவர் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்லி, முதலில் மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள். தொகுதி எண், காலாவதித் தேதி பார்த்து, பில்லோடு முழு எண்ணிக்கையும் இங்கேயே வாங்குங்கள். அங்கே போய் வாங்கலாம் என்று விடாதீர்கள், போலி மருந்து புழங்கும் இடம். கொசுவலையும் வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. உகாண்டா போனதையும் சொல்லுங்கள்.