ஒரே தொட்டியில் எந்த மீன்கள் சேர்ந்து வாழும்?

கேள்வி: சென்னை அம்பத்தூரில் இருக்கிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கினோம். கடைக்காரர் சொன்னபடி அன்றைக்கே 2 கோல்டு ஃபிஷ், 4 கப்பி, 2 டைகர் பார்ப், 1 ஏஞ்சல், 1 சக்கர் ஃபிஷ் விட்டோம். பத்து நாளுக்குள் வால் கிழிந்து 3 கப்பி செத்துவிட்டன. ஒரு கோல்டு ஃபிஷும் போய்விட்டது. போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். மகள் அழுகிறாள். சண்டையில்லாமல் ஒன்றாக வாழும் மீன்களாக எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்குப் புது மீன் எதுவும் வாங்காதீர்கள். செத்த மீன்களுக்குப் பதில் மீன் விட்டால் அவையும் சாகும்.

உங்கள் தொட்டியில் இரண்டு தவறுகள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதி செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்களோ முதல் நாளே 10 மீன் விட்டுவிட்டீர்கள். கோல்டு ஃபிஷ் மற்றவற்றைவிட அதிகம் கழிவு போடும் மீன். அதன் சாவுக்குப் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணமாக இருக்கும்.

கப்பிகளின் வாலைக் கிழித்தவை டைகர் பார்ப்கள். சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன் இது, கூட்டமாக வாழும். எட்டு பத்து சேர்ந்திருந்தால் துரத்தலும் கடியும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டை மட்டும் விட்டால், அந்தக் கடி பக்கத்தில் மெதுவாக நீந்தும் நீண்ட வால் மீன்மேல்தான் விழும். கூட்டமாக விட்டாலும் கப்பியோடு இவற்றைச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

மற்றவையும் உங்கள் தொட்டிக்கு ஒத்துவராதவைதான். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன். 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஏஞ்சல் துடுப்புகளோடு நன்றாக உயரமாக வளரும், ஓர் அடி உயரத் தொட்டி அதற்குப் போதாது. வாய்க்குள் போகிற சின்ன மீன் எதையும் அது விழுங்கும். பாசி தின்னும் என்று விற்கப்படும் சக்கர் ஃபிஷ் 40 சென்டிமீட்டர் தாண்டும். கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் இருப்பதைப் பார்த்து யாரும் இதை நம்புவதில்லை. இந்த மூன்றையும் டைகர் பார்ப்களையும் கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சக்கர் ஃபிஷ் நம் நீர்நிலைகளில் பெருகி, கரையைக் குடைந்து, வலையைக் கிழித்து மீனவர்களுக்குப் பெரும் தொல்லையாகிவிட்டது.

மீனின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் தண்ணீரைப் பாருங்கள். தொட்டியின் அளவுகளைப் பெருக்கினால் சுமார் 57 லிட்டர் வரும். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் மிஞ்சும். சென்னையில் பெரும்பாலான போர்வெல் நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். வாளியில் வெள்ளைப் படிவு நின்றால் உங்களுடையதும் அதுதான். மே மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். இதையெல்லாம் தாங்குகிற மீன்தான் உங்களுக்கு வேண்டும்.

எல்லோரும் ஆசைப்படும் நியான் டெட்ரா இங்கேதான் அடிபடுகிறது. அமேசான் காட்டு ஓடைகளின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் வாழும் மீன் அது. 26 டிகிரிக்கு மேல் அதற்குச் சிரமம். வாங்கி ஏமாறாதீர்கள்.

கப்பியும் பிளாட்டியும் கடின நீரில் செழிக்கும். கொளத்தூர் வண்ணமீன் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே, சுற்றுவட்டாரத்தில் வளர்த்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் நீரிலேயே பிறந்த மீனுக்கு உங்கள் தொட்டி புதிதாகத் தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆண் கப்பிகளை மட்டும் 8 வாங்குவேன். ஆண்தான் நிறமாக இருக்கும், மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. பெண் கப்பி ஒன்று வந்தால் போதும், ஏறத்தாழ மாதம் ஒரு முறை குட்டி போடும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தாலே பல மாதங்களுக்கு அது குட்டி போடும் என்பதால், பெண்ணைத் தனியாக வாங்கினாலும் தப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உயிர் தப்பிய அந்த ஒரு கப்பி ஆணாக இருந்தால் இந்தக் கூட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

சுறுசுறுப்பான கூட்டம் வேண்டுமென்றால் 8 ஜீப்ரா டேனியோவும் 4 பிளாட்டியும் விடலாம். ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளி ஓடைகள்தான் அதன் தாயகம். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இதை 28.5 டிகிரியில்தான் வளர்க்கிறார்கள். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சின்ன மீன் கிடைப்பது அரிது. ஆனால் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், சில சமயம் நீண்ட வாலைச் சீண்டும். அதனால் கப்பியோடு வேண்டாம், குட்டை வால் பிளாட்டியோடு சரியாக இருக்கும்.

மழைநீரிலோ ஆர்ஓ நீரிலோ கொஞ்சம் போர்வெல் நீர் கலந்து வாராவாரம் தர உங்களால் முடியுமானால் 8 ஹார்லிக்வின் ராஸ்போரா, ஒரு ஜோடி ஹனி கௌராமி. அழகான, அமைதியான தொட்டி அது. வெறும் ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் இருக்காது. கலவையின் அளவையும் வாரத்துக்கு வாரம் மாற்றக் கூடாது. ஃபைட்டர் மீனை இவற்றில் எந்தக் கூட்டத்திலும் சேர்க்க வேண்டாம்.

எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு நிறுத்துங்கள். "இதில் ஒன்று, அதில் ஒன்று" என்று வாங்குவதுதான் சின்னத் தொட்டிகளைக் கெடுக்கிறது. கூட்ட மீனைத் தனியாக விட்டால் பயந்து மூலையில் ஒடுங்கும், அல்லது மற்றவற்றைக் கடிக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: திருப்பிக் கொடுக்க வேண்டிய மீன்கள் கடைக்குப் போகும்வரை இரண்டு நாளுக்கொரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். மெட்ரோ குழாய் நீர் கலந்தால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள், நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது பழைய பஞ்சில் ஒரு துண்டு தந்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு 4 மீன் விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மீதியை.

கடையில் ஒரே ஒரு செத்த மீன் மிதந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்க வேண்டாம். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தாலும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றாலும் நகர்ந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கவரை 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவர் நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வெயில் காலத்தில் ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள், சூடேறிய நீரில் ஆக்ஸிஜன் குறைவு. உணவு போடும் வேலையை மகளிடமே கொடுங்கள்: காலையும் மாலையும் ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு. மிஞ்சினால் அடுத்த வேளை அதில் பாதி.