குட்டி ஃபிரேம், ஆனாலும் கை எட்டவில்லை

கேள்வி: என் உயரம் 150 செ.மீ. இருப்பதிலேயே சின்ன சைஸ் ரோடு பைக்கை ஓட்டிப் பார்த்தேன். நின்றால் கால் நன்றாக ஊன்றுகிறது, ஓட்டும்போது மட்டும் ஹேண்டில்பார் எட்டாமல் கழுத்து வலிக்கிறது. சீட்டை முன்னால் தள்ளினால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

பதில்: போதாது. சீட்டை எங்கே வைப்பது என்பதைக் கால்தான் முடிவு செய்ய வேண்டும், கை அல்ல. கைக்கு எட்டவேண்டும் என்று முன்னால் தள்ளினால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும், கழுத்து வலியோடு மணிக்கட்டு வலியும் சேர்ந்துகொள்ளும்.

சைஸ் எண்ணை விடுங்கள், அளவுப் பட்டியலில் 'ரீச்' எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பெடல் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கும் ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயின் உச்சிக்கும் உள்ள கிடைமட்ட தூரம் அது. சின்ன ஃபிரேமில் கம்பெனிகள் ஒரு வேலை செய்வதுண்டு: 73 டிகிரியில் சாய்ந்திருக்க வேண்டிய சீட் குழாயை 75 வரை நிமிர்த்திவிடுவார்கள், மேல்குழாய் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகும் குழாய்) குட்டையானதாகப் பட்டியலில் தெரியும், ரீச் என்னவோ பெரிதாகக் குறைந்திருக்காது. உங்கள் காலுக்கேற்பச் சீட்டைப் பின்னால் நகர்த்தினால் பழைய தூரம் அப்படியே வந்து நிற்கும்.

முன்பக்கத்தை அவர்களாலும் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது, ஏனென்றால் ரோடு பைக்கில் வழக்கமாக வரும் 700சி அளவு முன்சக்கரம் இன்னும் கிட்டே வந்தால் மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி டயரில் இடிக்கும். அதனால்தான் சில கம்பெனிகள் சின்ன சைஸுக்கு அதைவிடச் சிறிய 650பி சக்கரம் போடுகின்றன (ரிம் அளவு 622 மி.மீ.க்குப் பதில் 584). அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி 1985-இல் தொடங்கிய கம்பெனி, முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கியது! பார்க்க விசித்திரம்தான், கணக்கு சரி.

உங்கள் உயரத்துக்கு ரீச் 360 மி.மீ.யைத் தாண்டாத ஃபிரேமைத்தான் நான் தேடுவேன். அப்புறம் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) 165 அல்லது 160 மி.மீ., ஹேண்டில்பார் அகலம் 36 அல்லது 38 செ.மீ., ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) 70 அல்லது 80 மி.மீ. இருக்கட்டும். பிரேக் லீவர் விரலுக்கு எட்டவில்லை என்றால் பெரும்பாலான லீவர்களில் அதற்கென்றே ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் லீவர் கிட்டே வரும், காசு செலவில்லை. ஸ்டெம்மை 50-க்குக் குறைத்தால்தான் எட்டும் என்ற நிலை வந்தால் அந்த ஃபிரேமே உங்களுக்குப் பெரிது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.