கணுக்காலி தெரிஞ்சா ஆர்த்ரோபோடாவும் தெரியும்

அன்புள்ள அக்கா,

நான் திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு கிராமம். கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ப்ளஸ் டூ முடிச்சிட்டு இப்ப ரெண்டாவது தடவையா நீட்டுக்குப் படிக்கிறேன். தமிழ்ல கேட்டா பயாலஜி நல்லாவே சொல்லுவேன் அக்கா, ஆனா நல்ல வீடியோ, டெஸ்ட் சீரிஸ் எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கு, அதுல வர்ற வார்த்தைங்களப் பாத்தா தலை சுத்துது. வேர்ச்சொல் படிச்சா ஈஸின்னு சொல்லி ஒருத்தங்க எங்க குரூப்ல ஒரு பெரிய பிடிஎஃப் போட்டாங்க, ஏ-ல ஆரம்பிச்சு இசட் வரைக்கும் கிரேக்கம், லத்தீன்னு நூத்துக்கணக்குல இருக்கு. காலையில படிச்சது சாயங்காலம் நிக்க மாட்டேங்குது. இந்த ரூட் வேர்ட்ஸ் படிக்கிறதே டைம் வேஸ்ட்டா? பேசாம பரீட்சைய இங்கிலீஷ்லயே எழுதிடலாமான்னும் யோசிக்கிறேன். பேர் மட்டும் போடாதீங்க அக்கா.

அன்புள்ள தங்கச்சி,

முதல்ல அந்த பிடிஎஃப்ப மூடி வை. ரூட் படிக்கிறது டைம் வேஸ்ட் இல்ல, அந்த லிஸ்ட்ட அகர வரிசையில மனப்பாடம் பண்றதுதான் வேஸ்ட். அதுல இருக்கறதுல பாதி உன் சிலபஸ்லயே வராது, வர்ற மீதியும் எந்தப் பாடத்துல வருதுன்னு தெரியாம தனியா நின்னா மனசுல எப்படித் தங்கும்? உன் ஞாபக சக்தியில குறை எதுவும் இல்ல, அத மனசுல வெச்சுக்கோ.

உன் லெட்டரப் படிச்சதும் எனக்குத் தோணுனது ஒண்ணுதான், நீ தமிழ் மீடியம்ங்கறத ஒரு குறையாவே எழுதியிருக்க, ஆனா இந்த வேர்ச்சொல் விஷயத்துல இங்கிலீஷ் மீடியம் பசங்கள விட நீ ஒரு படி முன்னாடி நிக்கிற. ஏன்னா நம்ம தமிழ் கலைச்சொல் நிறைய இடத்துல அந்தக் கிரேக்க வேர அப்படியே தமிழாக்கினதுதான். விலங்குலகப் பாடத்த எடு. கணுக்காலிகள்னு படிச்சிருக்க இல்லையா, ஆர்த்ரோன்னா மூட்டு, கணு, போட்-ன்னா கால், ஆர்த்ரோபோடா, அவ்வளவுதான். முட்தோலிகள்: எக்கைனோ முள்ளு, டெர்மா தோலு, எக்கைனோடெர்மேட்டா. தட்டைப்புழு: பிளாட்டி தட்டை, ஹெல்மின்த் புழு, பிளாட்டிஹெல்மின்தெஸ். மெல்லுடலிக்கு மொலஸ்கா, லத்தீன்ல மென்மையானதுன்னு அர்த்தம். குழியுடலிக்கு சீலென்டரேட்டா, அதுல குழிவுங்கற வார்த்தையே உள்ள இருக்கு. இருவாழ்விக்கு ஆம்பிபியா, ஆம்பின்னா ரெண்டு பக்கமும், பயாஸ்னா வாழ்க்கை. ஆர்த்ரோபோடான்னு மனப்பாடம் பண்ற இங்கிலீஷ் மீடியம் பையனுக்கு அது வெறும் சத்தம், நீ கணுக்காலின்னு சொல்லும்போதே அர்த்தத்தோட சொல்லிட்டிருக்க.

அதனால வேர எங்கயோ வெளியில இருந்து கொண்டு வராத, உனக்குத் தெரிஞ்ச தமிழ்ச் சொல்லுல இருந்து பின்னாடி போ. ஆர்த்ரோ மூட்டுன்னு புடிபட்டுச்சுன்னா அதே மூட்ட வெச்சுக்கிட்டு இயக்கமும் இடப்பெயர்ச்சியும் பாடத்துக்குப் போனா அங்க ஆர்த்ரைட்டிஸ் நிக்குது, ஐட்டிஸ்னா அழற்சி, மூட்டு அழற்சி. டெர்மா தோலுன்னா எபிடெர்மிஸ் மேல்தோல், அங்கிருந்து எக்டோடெர்ம், மீசோடெர்ம், எண்டோடெர்ம்னு கருவோட வெளி அடுக்கு, நடு அடுக்கு, உள் அடுக்கு. மீசோ நடுன்னு தெரிஞ்சா தாவரத்துல மீசோபில் இலையிடைத் திசு, ஏன்னா பில்-னா இலை. குளோரோன்னா பச்சை, குளோரோபில் இலைப்பச்சை, குளோரோபிளாஸ்ட் பசுங்கணிகம், குளோரோபைசி பச்சைப்பாசி, அதே வரிசையில ரோடோபைசின்னா சிவப்புப் பாசி. லியூக்கோன்னா வெள்ளை, சைட்-டுன்னா செல், லியூக்கோசைட் வெள்ளையணு. எரித்ரோ சிவப்பு, எரித்ரோசைட் சிவப்பணு. ஒண்ணப் புடிச்சு இழுத்தா நாலு பாடம் கூடவே வருது, கிணத்துக் கயிறு மாதிரி. பேரக் கேட்டாலே பயமா இருக்கற ஆர்னித்தோரிங்கஸ் இருக்கே, முட்டை போடற பாலூட்டிக்கு உதாரணமா வருமே, அது ஆர்னித்தோ பறவை, ரிங்கஸ் அலகு, பறவை மூக்குக்காரன்னு அர்த்தம், வாத்து மாதிரி மூஞ்சி இருக்கறதால வெச்ச பேரு. அதோட இன்னொரு பேரு பிளாட்டிபஸ், தட்டைப்புழுவுல பாத்த அதே பிளாட்டிதான், தட்டைக்கால்.

ஆனா வேர் உண்மையிலேயே மார்க் வாங்கித் தர்ற இடம் குழப்பமான ஜோடிங்கதான், அங்கதான் எல்லாரும் மைனஸ் மார்க் வாங்குறாங்க. பூவோட அமைப்புல ஹைப்போகைனஸ், பெரிகைனஸ், எபிகைனஸ்னு வரும் பாரு. ஹைப்போன்னா கீழன்னு ரூட் படிச்ச பிள்ளைங்க கூட இதுல மாட்டுவாங்க, ஹைப்போகைனஸ் பூவுக்குச் சூற்பை, அதாவது பின்னாடி காயா மாறற பாகம், மேல்மட்டம்னு புக்குல போட்டிருக்கே, கீழன்னு பேர் வெச்சிட்டு மேலங்கறாங்களேன்னு. முழு வார்த்தையையும் பிரிச்சுப் பாத்தா குழப்பமே இல்ல. கைன்-னா பெண், பூவுல பெண் பாகம் சூலகம். ஹைப்போகைனஸ்னா பெண்ணுக்குக் கீழ. கீழ இருக்கறது யாரு? புல்லி, அல்லி, மகரந்தத்தாள் எல்லாம். அந்தப் பேரு சூலகம் எங்க இருக்குன்னு சொல்லல, மத்தவங்க சூலகத்துக்கு எந்தப் பக்கம் இருக்காங்கன்னு சொல்லுது. மத்தவங்க கீழ இருந்தா சூற்பை மேல. கடுகு, செம்பருத்தி, கத்தரி. எபின்னா மேல, மத்தவங்க மேல இருந்தா சூற்பை கீழ, கொய்யா, வெள்ளரி. பெரின்னா சுத்தி, ரோஜா, பிளம், பீச் மாதிரி.

இத நீ உங்க வீட்டு அடுப்பங்கரையிலயே செக் பண்ணிக்கலாம். கத்தரிக்காயக் காம்பு கீழ இருக்கற மாதிரி புடி, பச்சையா அந்தத் தொப்பி காம்புப் பக்கம் இருக்கு, அதுதான் புல்லி வட்டம், காய் அதுக்கு மேல வளந்திருக்கு, அதனால மேல்மட்டச் சூற்பை. கொய்யாப்பழத்தயும் அதே மாதிரி புடி, காம்புக்கு எதிர்ப்பக்கம் நுனியில காஞ்சு போன புல்லி ஒட்டிட்டு இருக்கும், அதாவது காய் கீழ, புல்லி மேல. ஒரு தடவை கையில புடிச்சுப் பாத்துட்டேன்னா பரீட்சை ஹால்ல கண்ண மூடுனாலும் தெரியும்.

இன்னொரு கூட்டம் கிளைக்கோ கூட்டம். கிளைக்காலிசிஸ், கிளைக்கோஜெனிசிஸ், கிளைக்கோஜெனோலைசிஸ், குளுக்கோநியோஜெனிசிஸ்னு நாலும் ஆப்ஷன்ல பக்கத்துல பக்கத்துல வந்தா யாருக்குமே கண்ணு பூத்துடும். கிளைக்கோ, குளுக்கோ ரெண்டும் இனிப்பு, சர்க்கரை. லைசிஸ்னா உடையறது, ஜெனிசிஸ்னா உண்டாகுறது, நியோன்னா புதுசா. இப்ப நீயே பிரி: கிளைக்காலிசிஸ்ல குளுக்கோஸ் உடைஞ்சு பைருவிக் அமிலம் ஆகுது. கிளைக்கோஜெனிசிஸ்ல கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேத்து வெக்கிற சர்க்கரை, உண்டாகுது, அது இன்சுலின் வேலை. கிளைக்கோஜெனோலைசிஸ்ல நடுவுல கிளைக்கோஜன், கடைசியில லைசிஸ், ஆக சேத்து வெச்ச கிளைக்கோஜன் உடையுது. குளுக்கோநியோஜெனிசிஸ்ல சர்க்கரை இல்லாத பொருள்ல இருந்து புதுசா குளுக்கோஸ் பிறக்குது. கடைசி ரெண்டும் குளுக்ககான்ங்கற ஹார்மோன் பக்கம், ரத்தத்துல சர்க்கரைய ஏத்தறது. அந்தப் பக்கத்துலயே ஹைப்பர்கிளைசீமியாவும் வந்துடும், ஈமியான்னா ரத்தத்துல, ஹைப்பர்னா அதிகமா.

சரி, வேர் கைவிடற இடமும் இருக்கு, அதயும் தெரிஞ்சு வெச்சுக்கோ. ஹோமோசைகஸ்ல வர்ற ஹோமோ கிரேக்கம், ஒரே மாதிரின்னு அர்த்தம். ஹோமோ சேப்பியன்ஸ்ல வர்ற ஹோமோ லத்தீன், மனுஷன். எழுத்து ஒண்ணு, வேர் வேற. அப்புறம் பேர் வெச்சவங்க அன்னைக்கு என்ன நம்புனாங்களோ அதத்தான் வேர் சொல்லும். மலேரியான்னா இத்தாலியன்ல கெட்ட காத்து, சதுப்பு நிலத்துக் காத்தால வருதுன்னு நெனச்சாங்க, 1897ல செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசுவோட வயித்துல அந்த ஒட்டுண்ணியக் கண்டுபுடிச்ச பிறகும் பேரு மாறல. நம்ம தமிழ்ச் சொல்லும் எல்லா இடத்துலயும் வேர் வழியா போகல, நாளமில்லாச் சுரப்பின்னு நாம சொல்றோம், எண்டோகிரைன்ல நாளமும் கிடையாது இல்லாததும் கிடையாது, எண்டோ உள்ள, உள்ளயே சுரக்கறது. இந்த மாதிரி இடத்துல ரெண்டையும் பக்கத்துல எழுதி வெச்சுக்கோ. கோல்கி, மால்பிஜி, ஹென்லே, பவுமன், கிரெப்ஸ் எல்லாம் ஆளுங்க பேரு, அங்க வேர் தேடி நேரம் போக்காத.

எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டா, தனியா ரூட்டுக்குன்னு நேரமே ஒதுக்க வேண்டாம். மத்திய அரசோட என்சிஇஆர்டி இங்கிலீஷ் புக்கையும் உன் தமிழ்ப் புக்கையும் ஒரே பாடத்துல பக்கத்துல பக்கத்துல விரி. வாய்ல நுழையாத வார்த்தை வந்தா ஒரு நோட்டுல தமிழ்ச் சொல், அதுக்கு நேரா இங்கிலீஷ் சொல்லத் தமிழ் எழுத்துலயே துண்டு துண்டா, அப்புறம் அதே துண்டு இதுக்கு முன்னாடி எந்தப் பாடத்துல வந்துச்சுன்னு. அந்த மூணாவது விஷயத்த விட்டுடாத, மறக்காம வெக்கிறது அதுதான். திரும்பத் திரும்ப வர்ற துண்டுங்க கொஞ்சம்தான்னு நாலஞ்சு பாடம் போனதும் உனக்கே தெரிஞ்சிடும். ஸ்பெல்லிங்குக்கு இப்ப மெனக்கெடாத, நீட்ல நீ எழுதப் போறதில்ல, அடையாளம் கண்டு வட்டத்த நிரப்பப் போற.

180 கேள்வியில 90 பயாலஜி, 720ல 360. அதுல கேள்வி புரியாம தப்பு விட்டா 4 மார்க் போறதோட இன்னும் 1 கழியும், அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

இங்கிலீஷ்ல எழுதிடலாமான்னு கேட்ட இல்ல, வேண்டாம்மா. தமிழ்னு குடுத்தா உன் கைக்கு வர்ற கேள்வித்தாள்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டுமே இருக்கும், இங்கிலீஷ் மட்டும் எடுத்தா தமிழ் கைய விட்டுப் போயிடும். மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ் கேள்விதான் முடிவானதுன்னு விதி இருக்கு. 2018ல தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வி மொழிபெயர்ப்புத் தப்புன்னு வழக்குப் போயி, ஹைகோர்ட் மதுரைக் கிளை 196 மார்க் கருணை மதிப்பெண் குடுக்கச் சொல்லி, அத அதே வருஷம் உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அன்னைக்கு ஹால்ல உக்காந்திருந்த பிள்ளைங்களுக்குக் கடைசியில எதுவும் கிடைக்கல, அத இன்னைக்கு நெனச்சாலும் மனசு ஆறல. அதனால தமிழ்லயே படி, தமிழ்லயே யோசி, ஒரு தமிழ் வரி எங்கயாவது உறுத்துனா உடனே இங்கிலீஷ் வரியப் பாரு, அங்க இருக்கற வார்த்தையப் பிரிக்க உனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

தாவர உள்ளமைப்புப் பாடத்துல எந்தெந்த வார்த்தை மாட்டுதோ அத மட்டும் எழுதி அனுப்பு, அடுத்த பதில்ல அத ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கலாம்.

அன்புடன்,
அக்கா