லேப் என்றாலே பயப்படும் மகளை வேறு பாடத்துக்கு மாற்றலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பிஎஸ்சி இயற்பியல் முதலாண்டு. தியரியில் நன்றாக எழுதுகிறாள். லேப் இருக்கும் நாளில் மட்டும் காலையில் சாப்பிடாமல் கிளம்புகிறாள். கணிதத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். அவளுக்கு இயற்பியல் வரவில்லை என்பதல்ல விஷயம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர், பிளஸ் டூவில் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் கருவிகளைத் தொட்டுப் பார்த்தவர்கள். கல்லூரியில் திடீரென்று ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. 'யங் குணகம் புத்தகத்தில் இருப்பது போல வரவில்லை, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து மாற்றி எழுதிவிட்டேன்' என்று சொன்னாளாமே. (யங் குணகம் என்பது ஒரு பொருள் வளையாமல் எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று சொல்லும் எண்.) நானும் முதலாண்டில் அதைச் செய்தவன்தான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், அந்தச் சோதனைக்கு நான் வைத்திருந்த மர அளவுகோலின் தடிமனை மறுபடி அளக்கச் சொன்னார்கள். ரெக்கார்டில் இருந்தது வேறு, கையில் இருந்தது வேறு. அன்று முழித்த முழி இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சோதனையையே பாருங்கள். இரண்டு கத்தி முனைகளின் மேல் அளவுகோலை வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சூத்திரத்தில் தடிமன் மும்மடியில் வருகிறது. சுமார் 6 மி.மீ. தடிமனை ஸ்க்ரூ கேஜில் அளக்கும்போது சுழிப்பிழையை, அதாவது எதையும் வைக்காதபோதே கருவி காட்டும் அளவை, பார்க்காமல் 0.06 மி.மீ. தவறவிட்டால் அது 1 சதவீதம்; விடையில் அதுவே 3 சதவீதமாகிவிடும். போதாக்குறைக்கு, மரத்துக்கு மரம் யங் குணகம் மாறும். சீனியர் வைத்திருந்த அளவுகோலின் விடை இவளுடைய அளவுகோலுக்கு ஏன் வர வேண்டும்? வராததுதான் சரி.

ஆகவே அவளிடம், 'விடை சரியா?' என்று கேட்காதீர்கள். 'எங்கே தப்பியிருக்கும், எவ்வளவு தப்பியிருக்கும்?' என்று கேளுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் விளக்கட்டும். ஊசலில் ஒரே ஒரு அலைவின் நேரத்தை எடுக்காமல் ஏன் 20 அலைவுகளை எண்ணுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் 0.2 வினாடி தாமதித்தாலும், 20ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கு 0.01தான் மிஞ்சும். இது அவளுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம் சில பழக்கங்கள். அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதட்டும். தவறான ரீடிங்கை ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், அழிக்க வேண்டாம். மைக்ராஸ்கோப் திருகை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் வந்து, மறுபடி அதே திசையில் வர வேண்டும். இல்லையென்றால் திருகில் உள்ள தளர்ச்சி ரீடிங்கில் ஏறிவிடும். கணக்கை வீட்டுக்குக் கொண்டுவராமல் லேபிலேயே முடித்தால், தப்பு தெரிந்தவுடன் இன்னொரு முறை அளந்துவிடலாம். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஜோடியாகச் செய்யும் சோதனைகளில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுபவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். எழுத்து அழகாக இருக்கிறதாம்! கருவியில் கை வைக்காமல் மூன்று வருடம் ஓடிவிடும். பாதி ரீடிங்கையாவது அவள் எடுக்க வேண்டும்.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் காலிப்ரேஷன் கூடங்கள், இத்தகைய கூடங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற வேண்டுமென்றால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதன் நிச்சயமின்மையையும், அதாவது எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும், சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மருத்துவ இயற்பியல் படித்துப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால், கதிர்வீச்சு அளவைச் சரிபார்ப்பதே அன்றாட வேலை. அங்கே யாரும் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுத முடியாது.

அடுத்த லேபுக்கு முன்னால், முடிந்தால் அந்த யங் குணகச் சோதனையை இன்னொரு முறை செய்ய அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வேறொரு மாணவர் குழு பயன்படுத்தாத நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். இந்த முறை வரும் விடையை, அது எதுவாக இருந்தாலும், அப்படியே எழுதட்டும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.